பணியிடம்: லார்க்மெட்

பிப்ரவரி 5, திங்கள்

காலையில் பாய்லர் நின்றுவிட்டது. முப்பத்தோரு முதியவர்கள் இருக்கிற இல்லம், இந்தக் குளிரில் ஒருவருக்கும் வெந்நீர் இல்லை. ஆள் வந்து சரிசெய்து போகும்போது மணி பதினொன்றரை. அதற்குப் பிறகுதான் ஈமெயிலைத் திறந்தேன்.

ஹோம் ஆபீஸ் கடிதம், விசா விஷயமெல்லாம் பார்க்கிற பிரிட்டிஷ் உள்துறை. 22ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு இரண்டு அதிகாரிகள் லார்க்மெட்டுக்கு வருகிறார்கள். நாங்கள் ஸ்பான்சர் செய்து விசா வாங்கிக் கொடுத்த பன்னிரண்டு பேரின் ஃபைல்களும் தயாராக இருக்க வேண்டும். ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட் நகல், முகவரி, வருகைப் பதிவு, யாருக்கு எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்று எழுதுகிற ரோட்டா எல்லாம். ஐந்து பேரிடம் தனித்தனியாகப் பேசுவார்களாம். பெயர்களும் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது பெயர் ஜெபசீலி.

இல்லம் என் தம்பி நெல்லையப்பனுடையது. அவன் டாக்டர், அவனுக்கு நேரமில்லை. அதனால் வெளிநாட்டு ஆட்களை வேலைக்கு எடுக்க வாங்கின ஸ்பான்சர் லைசென்ஸில் பொறுப்பாளர் என்று என் பெயர் இருக்கிறது. அவனுக்கு ஃபோன் செய்தேன். "பாத்துக்கலாம்க்கா, இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல இருக்குல்லா" என்றான்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்த்தேன். ஜெபசீலி இட்லியை ரசத்தில் கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அம்மா நன்றாகச் சாப்பிட்டாள். பத்து நிமிஷம் இருந்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 7, புதன்

பதினோரு ஃபைல் முடிந்தது. என் வேலையில் குறை சொல்ல முடியாது. ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் பத்து நாள் வராவிட்டால் ஹோம் ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலை மாறினாலோ, வேலை செய்யும் இடம் மாறினாலோ, சம்பளம் குறைந்தாலோ பத்து வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். நாலு வருஷமாக இதை நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வருகிறேன். ஜிம்பாப்வேயிலிருந்து வந்த டெண்டாய் வீடு மாறிய அன்றே அவளுடைய புது முகவரியை வாங்கி ஃபைலில் வைத்தேன். அவள்கூடச் சிரித்தாள்.

ஜெபசீலி ஃபைலைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

தம்பி ஆபீஸுக்கு வந்தான். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான்.

ஜெபசீலி தூத்துக்குடிப் பக்கம். நர்சிங் உதவியாளர் படிப்பு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நவம்பரில் வந்தாள். மூன்று வாரம் லார்க்மெட்டில் வேலை பார்த்தாள். டிசம்பரில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போயிற்று. தமிழ் தெரிந்த ஆள் ஒரு வாரத்துக்கு மட்டும் வேண்டும் என்று தம்பி அவளை வீட்டுக்கு அழைத்துப் போனான். அங்கேயே தங்கிவிட்டாள். கணக்கில் லார்க்மெட்டின் மூத்த பராமரிப்பாளர். சம்பளமும் அங்கிருந்துதான் போகிறது.

"திங்கட்கிழமைலேருந்து அவ இங்க வரட்டும். பத்து நாள்ல எல்லாரு பேரையும் பழகிக்கிடுவா. நீ அதுவரைக்கும் அம்மாட்ட இரு. அங்கன உக்காந்தே ரோட்டாவ எழுதிரு" என்றான்.

"எத்தனை மாசத்துக்கு?"

"பதினாலு. பேனாவ மாத்தி மாத்தி எழுதுக்கா. ஒரே மையில இருந்தா கண்டுபிடிச்சிருவான்."

அவன் எழுந்து, "அம்மாவுக்காகத்தான செஞ்சோம். வேற யாருக்கும் இல்லையே" என்றான்.

அது நிஜம்தான். ஜெபசீலியும் நல்ல பிள்ளை. இந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு நாள் லீவு கேட்டதில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

ஜெபசீலி காலை ஏழு மணிக்கு லார்க்மெட்டுக்குப் போனாள். தம்பியும் அவன் மனைவி பிரேமாவும் எட்டு மணிக்கெல்லாம் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். வீட்டில் நானும் அம்மாவும்தான்.

இட்லி கொடுத்தேன். அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். ஸ்பூனைக் கொண்டுபோனால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினாள். பன்னிரண்டு மணிக்குக் கஞ்சி, அதுவும் பாதி தலையணையில். தண்ணீர் மட்டும் குடித்தாள்.

அவள் தூங்கின நேரத்தில் டிசம்பர், ஜனவரி ரோட்டா எழுதினேன். ஊரில், பாளையங்கோட்டை ஸ்கூல் ஆபீஸில் கிளார்க்காக இருந்தபோது தலைமையாசிரியை என் கையெழுத்தை அச்சு மாதிரி இருக்கிறது என்பார். இப்போது அதைக் கோணல் மாணலாக எழுத வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 14, புதன்

ஆறு மாத ரோட்டா முடிந்தது. அம்மா அரை இட்லி சாப்பிட்டாள்.

பிப்ரவரி 15, வியாழன்

அம்மாவைக் குளிப்பாட்ட முயன்றேன். தனியாகத் திருப்ப முடியவில்லை. ஒரு கையை இடுப்புக்குக் கீழே கொடுத்துத் தூக்கினால் தோள் சரிகிறது. தோளைப் பிடித்தால் கால் சிக்கிக்கொள்கிறது. கடைசியில் ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். முதுகைப் பார்த்தேன். பதினான்கு மாதம் படுக்கையில் கிடக்கிற உடம்பு, ஒரு புண் இல்லை. லார்க்மெட்டில் மாதம் ஒருவருக்காவது படுக்கைப் புண் வந்துவிடுகிறது.

மாத்திரைப் பெட்டிக்கு அடியில் ஒரு நோட்டு இருந்தது. கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. ஜெபசீலி கையெழுத்து. ஒவ்வொரு நாளும் தேதி, கிழமை, மணி போட்டு எழுதியிருக்கிறாள். ரத்த அழுத்தம், மாத்திரை, என்ன சாப்பிட்டாள், எவ்வளவு, மலம் போனாளா, எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தாள். இரண்டு மணிக்கு ஒரு தரம் திருப்பியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட விடவில்லை. கிறிஸ்துமஸும் இருக்கிறது.

என் மடியில் ஒரு ரோட்டா, கையில் இந்த நோட்டு. ஜூலை 4 அன்று லார்க்மெட்டில் காலை ஷிஃப்ட் என்று நான் எழுதியிருக்கிறேன். ஜூலை 4 அன்று அம்மாவுக்குக் காய்ச்சல், நூற்றியொன்று, மூன்று தரம் நெற்றியில் துணி போட்டேன் என்று அவள் எழுதியிருக்கிறாள்.

ஜூன் மாதத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

பிப்ரவரி 17, சனி

லார்க்மெட் ஆபீஸில் ஜெபசீலியை உட்கார வைத்துப் பழக்கினேன்.

"ஒன்பதாம் ரூம்ல யாரு?"

"மிஸஸ் கார்வி. சர்க்கரை இருக்கு. டீக்குச் சீனி போடக்கூடாது."

"எப்பலேருந்து பாத்துக்கிடுதே?"

"போன திங்கட்கிழமைலேருந்து."

"ஜெபா."

"சரிக்கா. ஒரு வருஷத்துக்கு மேல." அவள் குரல் மாறவே இல்லை. "பதினாலாம் ரூம்ல இருந்த தாத்தா போன ஆகஸ்ட்ல செத்துப்போனாராமே. அவரப் பத்திக் கேட்டா என்ன சொல்ல? அவர நான் பாத்ததே இல்லையே."

அது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் உயரமாக இருப்பார், கிரிக்கெட் பார்ப்பார் என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் தலையாட்டினாள்.

கிளம்பும்போது, "அம்மா சாப்பிடுதாங்களா?" என்று கேட்டாள்.

"சாப்பிடுதா" என்றேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

9ஆம் தேதி, அவள் ஒரு நாள் லீவு கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறேன். அது தப்பு. கேட்டாள்.

நோட்டில் ஜூன் 11, ஞாயிறு:

"காலை 5.40 அப்பா இறந்துட்டாங்கன்னு ஊர்லேருந்து ஃபோன். 8.00 பிரஷர் மாத்திரை. 8.30 இட்லி ஒன்றரை. 10.00 குளியல். முதுகு சிவப்பு இல்லை. 11.30 அடக்கம், ஃபோன்ல பாத்தேன். 12.00 கஞ்சி ஒரு கப். 2.00 இடது பக்கம்."

அன்று காலை ஆறரைக்கு எனக்கு ஃபோன் செய்தாள். அடக்கத்துக்குப் போக முடியாது, ஒரு பத்து நாள் ஊருக்குப் போய் அம்மாவோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று அழுதாள். நான் சொன்னேன்: "நீ இங்க இல்லன்னா வேலைக்கு வரலன்னு நான் ஹோம் ஆபீஸுக்கு எழுதணும் ஜெபா. அது என் கடமை. எழுதினா விசா போயிரும். அப்புறம் திரும்பி வர முடியாது."

அவள் "சரிக்கா" என்றாள்.

லீவு கொடுத்தால் எதையும் எழுத வேண்டாம். ஃபைலில் ஒரு தாள் வைத்தால் போதும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு முந்தின மாதம்தான் டெண்டாய் தங்கை கல்யாணத்துக்கு மூன்று வாரம் ஊருக்குப் போய்வந்தாள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டதே நான்தான்.

ஜெபசீலி போனால் அம்மாவை யார் பார்ப்பது? தம்பி என்னைத்தான் கேட்பான். அதுதான் காரணம். வேறு இல்லை.

பிப்ரவரி 21, புதன்

பதினான்கு மாதமும் முடிந்தது. பன்னிரண்டு ஃபைலையும் வரிசையாக அடுக்கி வைத்தேன். தம்பி வந்து பார்த்துவிட்டு, "நீ இல்லன்னா நான் என்ன செய்வேன்க்கா" என்றான். நோட்டைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் கிழித்துப் போடச் சொல்வான்.

மத்தியானம் ஜெபசீலியைக் கூப்பிட்டேன். நோட்டை மேஜைமேல் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"எல்லாமா?"

"ஆமா." மன்னிப்பு கேட்கலாம் என்றுதான் கூப்பிட்டேன். கேட்டது வேறு. "நாளைக்கு என்ன சொல்லப் போறே?"

"நீங்க சொல்லிக்குடுத்தத. உண்மையச் சொன்னா லைசென்ஸு போயிரும். லைசென்ஸு போனா எங்க பன்னெண்டு பேருக்கும் வேலை இல்ல. டெண்டாய்க்கு ரெண்டு பிள்ளைங்க இங்க ஸ்கூல்ல படிக்கு. பொய் சொன்னா நான் மறுபடியும் அந்த வீட்டுக்குள்ள போகணும். அப்படித்தானக்கா?"

நான் மேஜைமேல் இருந்த ஃபைல்களை நேராக அடுக்கினேன்.

"நோட்டு என்னோடது" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 22, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். தலை நரைத்த ஓர் அம்மாள், லேப்டாப்போடு ஓர் இளைஞர். மரியாதையாகப் பேசினார்கள். டீ வேண்டாம் என்று தாங்கள் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார்கள். ஃபைல்களைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள், "இவ்வளவு ஒழுங்காக நான் எங்கேயும் பார்த்ததில்லை" என்றார். தம்பி என்னைப் பார்த்துப் புன்னகை செய்தான்.

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். டெண்டாய் கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். ஜெபசீலி உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆயிற்று. தம்பி வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தான். அவள் வெளியே வந்தபோது என்னைப் பார்க்காமல் நேராக மாடிக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்களை உட்கார வைக்கிற நேரம் அது.

பன்னிரண்டரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் ரோட்டாக்கள். பக்கத்தில் அந்த நோட்டு.

"இது எந்த மொழி?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"தமிழ்."

"உங்களுக்குப் படிக்க வருமா?"

"வரும்."

"நாங்கள் முறையாக மொழிபெயர்த்துக்கொள்வோம். இப்போது ஒரு பக்கம் மட்டும் நீங்கள் படித்துச் சொல்லுங்கள். அவர் ஓரம் மடித்துக் கொடுத்த பக்கம்."

எந்தப் பக்கம் என்று திறக்காமலே தெரிந்தது. அவர்கள் இருவருக்கும் ஓர் எழுத்துகூடத் தெரியாது. சமையல் குறிப்பு என்று சொல்லியிருக்கலாம். லார்க்மெட்டில் ஒருவரைப் பற்றி எழுதியது என்று சொல்லியிருக்கலாம், அதுதான் சுலபம். அந்த இளைஞர் தட்டெழுத விரல்களைத் தயாராக வைத்திருந்தார்.

நான் படித்தேன். காலை ஐந்து நாற்பது, என் தந்தை இறந்துவிட்டார் என்று ஃபோன் வந்தது. எட்டு மணி, ரத்த அழுத்த மாத்திரை. எட்டரை, இட்லி ஒன்றரை. பத்து மணி, குளியல். முதுகு சிவப்பு இல்லை.

"யாருடைய முதுகு?" என்றார் அந்த அம்மாள்.

மடித்த ஓரத்தை விரலால் நீவிவிட்டேன்.

"என் அம்மாவுடையது."

"உங்கள் அம்மா இந்த இல்லத்தில் இருக்கிறாரா?"

"இல்லை. என் தம்பி வீட்டில்."

"அப்படியானால் இந்த ரோட்டா?"

"இந்தப் பத்து நாளில் நான் எழுதியது."

இளைஞரின் விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன. அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை, கடுமையாகக்கூடப் பார்க்கவில்லை. "மீதியையும் படியுங்கள்" என்றார். பதினொன்றரை, அடக்கம், ஃபோனில் பார்த்தேன் என்ற இடத்தில் அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அவருக்கு விடுப்பு ஏன் கொடுக்கவில்லை?" என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

இதை எழுதி முடிக்கும் முன் ஒன்று. அந்த நோட்டு மேஜைமேல் இல்லாமல் இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ரோட்டாவைத்தான் காட்டியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

தம்பி ஃபோனில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்: "அம்மாவ வந்து கூட்டிட்டுப் போயிரு."

பிப்ரவரி 26, திங்கள்

அம்மா இப்போது என் ஃபிளாட்டில். ஹாலில் கட்டில். ஆம்புலன்ஸ் ஆட்கள் இருவர் தூக்கி வந்து படுக்க வைத்தார்கள். ஜெபசீலி என் தம்பி வீட்டைக் காலி செய்துவிட்டாளாம். சர்ச்சில் பழக்கமான ஒரு பெண் வீட்டில் அறை. லைசென்ஸ் இருக்கிற வரை லார்க்மெட்டில் ஷிஃப்ட் பார்க்கிறாள்.

மார்ச் 15, வெள்ளி

லைசென்ஸை நிறுத்தி வைத்துக் கடிதம். விளக்கம் சொல்ல இருபது வேலை நாள். தம்பி வக்கீல் வைத்திருக்கிறான். அவர் எழுதிய விளக்கத்தில் எல்லாம் என் சொந்தச் செயல், முதலாளிக்குத் தெரியாது என்று இருக்கிறது. நான் அதில் கையெழுத்துப் போடவில்லை. என்னை வேலையிலிருந்து நீக்கியாயிற்று.

மார்ச் 18, திங்கள்

என் சாமான்களை எடுக்க லார்க்மெட் போனேன். டெண்டாய் வாசலில் நின்றாள்.

"நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டாள்.

"ஒன்றும் இல்லை."

"அப்படியானால் என் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்ல?"

என் கையில் ஒரு தொட்டிச்செடியும் ஒரு கோப்பையும் இருந்தன. அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள், நான் வெளியே போவதற்காக.

ஏப்ரல் 9, செவ்வாய்

அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டாள். என் கையால்.

மே 20, திங்கள்

லைசென்ஸ் ரத்து. இனி பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் வரும். வந்த நாளிலிருந்து அறுபது நாளுக்குள் வேறு ஸ்பான்சர் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

நூலகத்தில் உட்கார்ந்து பன்னிரண்டு பேருக்கும் நற்சான்று எழுதினேன். யார் எத்தனை நாள், என்ன வேலை, எப்படிச் செய்தார்கள் என்று. லார்க்மெட் பெயரில் எழுத எனக்கு உரிமையில்லை. என் பெயரில், என்ன காரணத்தால் நீக்கப்பட்டேன் என்பதையும் போட்டு எழுதினேன். யாருக்கு உதவுமோ தெரியாது. ஜெபசீலியுடையதைத்தான் நாலு தரம் கிழித்துவிட்டு எழுதினேன். பக்கவாத நோயாளியைப் பதினான்கு மாதம் தனியாகப் பராமரித்தார், ஒரு நாள் ஓய்வு கொடுக்கப்படவில்லை, ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை.

ஜூலை 27, சனி

கேள்விப்பட்டவரை. தம்பி லார்க்மெட்டை வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டான். அவர்களிடம் லைசென்ஸ் இருப்பதால் ஐந்து பேரை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். டெண்டாய்க்கு வடக்கே, தூரத்தில் அபர்டீனில் வேலை கிடைத்திருக்கிறது. பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம், புது ஊர். மூன்று பேருக்கு அங்கங்கே. இரண்டு பேர் ஊருக்குத் திரும்பினார்கள். அதில் ஒருவரின் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம், பிள்ளையை இங்கே பெற வேண்டும் என்று இருந்தவர்கள்.

பதினொரு பேரை எழுதிவிட்டேன். ஜெபசீலி பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

ஜெபசீலி ஃபோன் செய்தாள். அவளுடைய பழைய சான்றிதழ் ஒன்று என்னிடம் மாட்டிக்கொண்டிருந்தது. கீழே பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். பக்கத்து ஃபிளாட் பெண்ணை அம்மாவிடம் உட்கார வைத்துவிட்டு இறங்கினேன்.

பெரிய பெட்டி ஒன்று, தோளில் ஒரு பை. சான்றிதழை வாங்கி அந்தப் பைக்குள் வைத்தாள். லிங்கன் என்ற ஊரில் ஒரு இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறது. புது விசா வந்துவிட்டது. செப்டம்பரில் இரண்டு வாரம் லீவு கேட்டாளாம், ஊருக்குப் போக. கொடுத்துவிட்டார்கள்.

"மேல வந்து அம்மாவப் பாத்துட்டுப் போறியா?"

"இல்லக்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பஸ் வர இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. நிறுத்தத்து மின்பலகையில் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஜெபா, ஒன் அப்பா இறந்தப்ப நான் சொன்னேன்லா, லீவு போனா ஹோம் ஆபீஸுக்கு எழுதணும்னு. அது பொய்."

"தெரியும்க்கா."

"எப்ப தெரிஞ்சுது?"

"அன்னைக்கு மத்தியானமே. அம்மா தூங்கினப்புறம் ஃபோன்ல தேடிப் படிச்சேன். முதலாளி லீவு குடுத்தா ஒண்ணும் எழுத வேண்டாம்னு போட்டிருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன் நீ கேக்கல?"

முதல் தடவையாக அவளுக்குக் கோபம் வந்ததைப் பார்த்தேன். சத்தம் போடவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது.

"யார்ட்டக்கா கேக்க? இந்த ஊர்ல எனக்கு உங்களத் தவிர யாரத் தெரியும்?"

பஸ் வந்தது. பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடிக்கக் குனிந்தேன். "வேண்டாம், நானே தூக்கிக்கிடுதேன்" என்றாள். தூக்கினாள். கனமாகத்தான் இருந்தது, படியில் ஒரு தரம் இடித்தது. நான் நின்ற பக்கம் ஜன்னலோரம் இடம் இருந்தும் அந்தப் பக்கத்து வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

மேலே வந்து அம்மாவை இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன்.